மறுமொழி: கட்டுமானச் சுணக்கத்தை ஆராயும் முறைகளுக்குப் பெயர்

மதிப்புக்குரிய ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

குடிசார் பொறியியல் மாணவர்களுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும் என்பதால், கட்டட வேலை பிந்துவதை ஆராயும் முறைகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் உரையாடலில் ஐயா எழுதியவற்றுக்குச் சற்று விரிவாக மறுமொழி எழுதுகிறேன்.

'தாமதம்' வடசொல் என்பதற்காக அன்றி, 'சுணக்கம்' எங்கள் வாயில் நாளும் புழங்குகிறது என்பதற்காகவே அதை விரும்புகிறேன். "கொங்கிறீற்று வேலை ஒரு கிழமை சுணங்கிப் போச்சு" என்று மேசன் சொன்னால் விளங்காத மாணவர் யாழ்ப்பாணத்தில் இல்லை. சங்கப் பாடல்களில் சுணங்கு என்பது மகளிர் மேனியில் படரும் தேமல் என ஐயா எடுத்துக்காட்டியது சரியே. ஆயினும் தேமலிலிருந்து இப்பொருள் எவ்வாறு கிளைத்தது என்ற ஆராய்ச்சியை அச்சு முடிந்தபின் தொடரலாம். குறளிலுள்ள 'நெடுநீர்' (காலம் நீட்டிக்கும் இயல்பு) ஆளின் குணத்தைச் சுட்டுவது. கட்டட வேலையோ கார்த்திகை மழையாலும் சுணங்கும், வரைபடம் பிந்திக் கிடைப்பதாலும் சுணங்கும்.

'சுணங்குகாலம்' ஊறுகாய் போன்ற வினைத்தொகை. முக்காலத்துக்கும் பொருந்துவதால் 'சுணங்குகாலப் பகுப்பாய்வு' துறை முழுவதற்கும் தலைப்பாகலாம். ஆனால் வேலையின் கால அட்டவணைக்கு ஐயா முன்மொழிந்த 'கட்டுநிரல்' என்ற வினைத்தொகையை என்னால் ஏற்க இயலவில்லை. பிரித்தானியக் கட்டுமானச் சட்டச் சங்கம் 2017 இல் வெளியிட்ட சுணக்க நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு, சுணக்கத்தை ஆராய ஆறு முறைகளைத் தருகிறது. அவற்றுள் ஒன்று, தொடக்கத்தில் திட்டமிட்ட நிரலில் சுணக்கத்தைப் புகுத்தி முடிவுநாள் எவ்வளவு தள்ளிப்போகும் என்று பார்ப்பது. இன்னொன்று, உண்மையில் நடந்த வேலையின் நிரலிலிருந்து சுணக்கத்தை அகற்றி, அது நேராதிருந்தால் வேலை எப்போது முடிந்திருக்கும் என்று காண்பது. இரண்டையும் வேறுபடுத்துவதே காலம். வினைத்தொகையில் மறைவதும் அதுவே. எனவே 'கட்டவிருந்த நிரலிற் சேர்த்தல்', 'கட்டிய நிரலிற் கழித்தல்' என்று பெயரெச்சமாகவே எழுதுவோம். நீளம் குற்றமாகாது.

அடுத்தது, ஆங்கிலத்தில் 'windows' எனப்படும் முறைக்கான 'சாளரம்'. சென்ற கிழமை 'யன்னல் பகுப்பாய்வு' என்று கரும்பலகையில் எழுதியதும், முன்வரிசை மாணவி ஒருவர் யன்னல் நிலைகள் பொருத்திய திகதிகளைக் கொப்பியில் வரிசையாக எழுதத் தொடங்கினார். வேலைக்காலத்தைக் கூறுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் முடிவுநாளை நிர்ணயித்த வேலைத்தொடர் எது, அதைச் சுணக்கியவர் யார் என்று காணும் இம்முறைக்குத் 'தவணைவாரிப் பகுப்பாய்வு' என்பது பொருந்தும். பள்ளித் தவணை எல்லாருக்கும் தெரியும்.

*

(குழுவில் இன்னொருவரின் மறுமொழி)

அன்புடையீர்,

வினைத்தொகை பற்றிய வாதத்தை ஏற்கிறேன். தவணையை ஏற்கமாட்டேன். ஒப்பந்தப் பத்திரத்தில் தவணை என்பது கொடுப்பனவு. நீதிமன்றில் அது வழக்கை ஒத்திவைப்பது. ஒப்பந்தகாரருக்கும் உரிமையாளருக்கும் பிணக்கு எழும்போதே இந்தப் பகுப்பாய்வு தேவைப்படுகிறது என்பதால், மூன்று பொருளும் ஒரே கோப்பில் வந்து சேரும். 'காலத்துண்டு' போதாதா?

*

குழுவினருக்கு,

கருத்துச் சொன்ன ஐவருள் மூவர் காலத்துண்டு என்றமையால் அதனையே இட்டுள்ளேன். 'கட்டுநிரல்' சுருக்கமும் செறிவும் உடையது என்றும், காலத்தை அடைமொழியால் காட்டலாம் என்றும் ஐயா நேற்றிரவும் எழுதியிருக்கிறார். அவரது மறுப்பை அடிக்குறிப்பாகச் சேர்க்கிறேன்.