தொட்டாலே கடிக்கிறது, என்ன செய்வது? (அவசரம்)

தெற்குத்தெரு: வணக்கம். எங்கள் நாய்க்குட்டி தொட்டாலே கடிக்கிறது. எல்லாம் செய்து பார்த்துவிட்டோம். நேற்று மகன் விரலில் ரத்தம். திருப்பிக் கொடுத்துவிடு என்கிறார் மாமியார். உடனே வழி சொல்லுங்கள்.

கண்மாய்க்கரை: வயது என்ன? எந்த இனம்? ‘எல்லாம்’ என்றால் என்னென்ன?

வேப்பமரம்: குட்டி இருக்கட்டும், பையனைச் சொல்லுங்கள். காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினீர்களா? ஊசி போட்டாயிற்றா?

மூத்தகுடி: மாதம் தவறாமல் யாராவது இதே கேள்வியோடு வந்துவிடுகிறார்கள். பழைய பதில்களைத் தேடிப் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு நாய் எதற்கு?

கரிசல்காட்டான்: பல் ஊறல்தான், வேறொன்றுமில்லை. நான்காம் மாதம் வாக்கில் பால்பல் 28ம் ஒவ்வொன்றாக விழும். பழைய துண்டை முடிச்சுப் போட்டு, நனைத்து, குளிரவைத்துக் கடிக்கக் கொடுங்கள். குடற்புழு மருந்தும் கொடுத்துவிடுங்கள். பாதிக் கோளாறு வயிற்றில்தான்.

தெற்குத்தெரு: இரண்டரை மாதம். ராஜபாளையம். 40 நாளில் வாங்கினோம். தூய வெள்ளை, ரோஸ் மூக்கு. அசல் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மூக்கில் சுண்டினோம், அதட்டினோம், கையில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டோம். அதட்டினால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, அவ்வளவு திமிர். பையனுக்கு மஞ்சள் வைத்தோம். ஊசி போடவில்லை, குட்டிதானே.

வேப்பமரம்: அந்தக் ‘குட்டிதானே’தான் வயிற்றைக் கலக்குகிறது. வெறிநோய் குட்டிக்கும் வரும். அதற்கான தடுப்பூசியைக் குட்டிகளுக்கு மூன்று மாத வயதில்தான் போடுவார்கள், உங்களுடையதற்கு அந்த வயதே ஆகவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். மஞ்சளைக் கழுவிவிட்டு இப்போதே கிளம்புங்கள்.

மூத்தகுடி: குட்டி உங்கள் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. மல்லாக்கப் படுக்கவைத்து நெஞ்சில் கையை அழுத்திப் பிடியுங்கள். திமிறுவது நிற்கும்வரை விடாதீர்கள். ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் அப்படித்தான் அடக்கும். 30 வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

கண்மாய்க்கரை: ஐயா, அது உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் போட்டுப் பார்த்தவர்கள் கட்டிய கதை. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள்தான் என்று 1999இல் எழுதித் தன் பேச்சைத் தானே மாற்றிக்கொண்டார். கை பட்டாலே கடிக்கிற குட்டியை அழுத்திப் பிடித்தால் அடுத்த கடி முகத்தில்தான்.

மூத்தகுடி: ஓநாயைப் பற்றிப் படித்தவர்கள் எத்தனை நாய் வளர்த்தீர்கள் என்பதையும் சொல்லலாமே.

கரிசல்காட்டான்: சண்டை கிடக்கட்டும். ரோஸ் மூக்கை மட்டும் வைத்து அசல் என்று சொல்லக் கூடாது. காலும் வாலும் பார்க்க வேண்டும். 2005இல் தபால்தலை போட்டார்கள், அதில் நிற்கிறதே, அது ராஜபாளையம்! இப்போது சந்தையில் விற்பதெல்லாம் கலப்பு.

மூத்தகுடி: தபால்தலையைப் பார்த்து நாய் வாங்குகிறவரை இன்றுதான் பார்க்கிறேன்.

கண்மாய்க்கரை: தெற்குத்தெரு அக்கா, அதுவாக மடியில் வந்து ஏறும்போதும் கடிக்கிறதா, இல்லை தூங்கும்போதும் பின்னாலிருந்து தொடும்போதும் மட்டுமா? குக்கர் விசிலுக்கு எழுந்திருக்கிறதா? அதட்டினால் திரும்பவில்லை என்றீர்களே, காது கேட்காமல் இருக்கலாம். நிறமிச் செல்கள் இல்லாவிட்டால் உள்காது பிறந்த சில வாரங்களிலேயே பட்டுப்போகும், அதனால் முழு வெள்ளைக் குட்டிகளில் சில செவிடாகிவிடும். டால்மேஷனிலும் இதே கதைதான். கை தட்டியோ தரையில் மிதித்தோ சோதிக்காதீர்கள், அதிர்வில் விழித்துக்கொள்ளும். அது தூங்கும்போது அடுத்த அறையிலிருந்து விசில் ஊதுங்கள். அசையவில்லை என்றால் தொடும் முன் மூக்குக்கு அருகே கையை நீட்டுங்கள், வாசனையில் எழும். விழித்தபின் தோளில் ஒரு நொடி தொட்டு, உடனே அவித்த முட்டையில் ஒரு துணுக்கு. தொடுவது, கொடுப்பது, கையை எடுப்பது. பத்து நாள் கழித்துக் காது, பாதம் என்று போகலாம்.

கரிசல்காட்டான்: எங்கள் பக்கத்து வெள்ளைக் குட்டிகளுக்கெல்லாம் காது நன்றாகவே கேட்கிறது. இனத்தைக் கெடுத்துப் பேசாதீர்கள்.

கண்மாய்க்கரை: எல்லாவற்றுக்கும் என்று நான் எங்கே சொன்னேன்?

தெற்குத்தெரு: பையனுக்கு முதல் ஊசி போட்டாயிற்று. மடியில் இருக்கும்போது கடித்ததே இல்லை, இப்போதுதான் யோசிக்கிறேன். குக்கர் மூன்று விசில் அடித்தது, அடுப்படி வாசலிலேயே படுத்திருந்த குட்டி காதைக்கூட அசைக்கவில்லை. போன வாரம் கோயில் கொடையில் வெடி போட்டபோதும் இப்படித்தான் தூங்கியது. பயமே கிடையாது, ராஜபாளையம் அல்லவா என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் மாமியார். சனிக்கிழமை திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகிறோம். நன்றி.

மூத்தகுடி: இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம்.

வேப்பமரம்: முதல் ஊசியிலிருந்து மூன்றாம் நாள் இரண்டாவது ஊசி, பிறகு 7, 28. நாளை மூன்றாம் நாள். போய்விட்டு ஒரு வரி எழுதுங்கள்.

வேப்பமரம்: போனீர்களா?