பெல்ட்டைக் கழற்றினால் எதுக்களிப்பு போய்விடுமாம்! (கல்தூண் அண்ணனுக்கு)

நாதன்93
நேத்து டெட்லிஃப்ட் (தரையில கிடக்கிற ராடைப் பிடிச்சு நிமிர்றது) இழையில கல்தூண் அண்ணன் போட்டிருந்த ஒரு வரி இன்னும் தொண்டையிலயே நிக்குது. "எதுக்களிப்புன்னு டாக்டர் டாக்டரா அலையறவன் எடை தூக்குறப்ப இடுப்புல கட்டுற பெல்ட்டைக் கழட்டிப் போட்டா போதும், வயித்துல கத்தி வைக்கத் தேவையில்ல. 22 வருசம் தூக்குனேன், ஒரு நாள் நெஞ்சு எரிஞ்சதில்ல." கீழ வரிசையா கும்பிடு வேற.

அண்ணே, உங்களுக்கு எரியலைன்னா சந்தோஷம். எனக்கு 9 வருசமா எரியுது. காலையில வெறும் வயித்துல அமிலம் குறைக்கிற மாத்திரை பான்டோபிரசோல் 40, ராத்திரி சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி இன்னொண்ணு. எண்டோஸ்கோப்பில 3 செ.மீ. ஹெர்னியா. உதரவிதானத்துல உணவுக்குழாய் இறங்குற ஓட்டை தளர்ந்து போய், இரைப்பையோட மேல்நுனி நெஞ்சுக்குள்ள ஏறி உக்காந்திருக்கு. மூக்கு வழியா வயரை விட்டு 24 மணி நேரம் அமிலம் அளந்தாங்க. டிமீஸ்டர் ஸ்கோர் 38. அது 14.72-ஐத் தாண்டினாலே கோளாறு. எரிச்சலுக்கு மாத்திரை கேக்குது. ஆனா ஸ்குவாட்ல கீழ உக்காந்து தம் கட்டி எழும்போது புளிச்ச தண்ணி வாய் வரைக்கும் வருதே, அதுக்கு எந்த மாத்திரையும் கேக்கல. மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், கதவை யார் சாத்துறது?

சர்ஜன் ஃபண்டோப்ளிகேஷன் பண்ணலாம்ங்கறார். இரைப்பையோட மேல்நுனியை எடுத்து உணவுக்குழாய் அடியில தலைப்பாகை மாதிரி சுத்தித் தைக்கிறது. முழுச்சுத்து சுத்துனா நிஸ்ஸன், 270 டிகிரி சுத்துனா டூப்பே. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு: இதைப் பண்ணிட்டு மறுபடி 200 கிலோவுக்கு மேல தூக்கினவங்க யாராச்சும் இருக்கீங்களா? தயவுசெஞ்சு பெல்ட் பத்திப் பேசாதீங்க.

கல்தூண்
தலைப்புலயே பெல்ட்டைப் போட்டுட்டு பெல்ட் பத்திப் பேசாதேன்னா இன்னா தம்பி நியாயம்? சரி, ஒரே ஒரு கேள்வி. எத்தனாவது ஓட்டையில மாட்டுற?

நாதன்93
அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நாலாவது.

கல்தூண்
நாலாவது! முடிஞ்சது கதை. மூணாவது ஓட்டையைத் தாண்டிட்டாலே குடலு மேல ஏறும். பற்பசை ட்யூபை நடுவுல அமுக்கினா எங்கடா வரும்? வாய் வழியாத்தான வரும். இதுக்கு மூக்குல வயரை விட்டு அளக்கணுமா?

ஸ்கோப்_செல்வி
எண்டோஸ்கோப்பி அறையில 11 வருசமா வேலை பாக்குறேன், அதனால உள்ள வர்றேன். நாதன், மேனோமெட்ரி பண்ணினாங்களா? உணவுக்குழாயோட தள்ளுற சக்தியை அளக்குற டெஸ்ட். அது பலவீனமா இருந்தா முழுச்சுத்து சுத்தத் தயங்குவாங்க, சுத்தினா சோறு இறங்காது. அந்த ரிசல்ட் தெரியாம யார் இங்க கருத்து சொன்னாலும் வீண்.

அப்புறம் பெல்ட் விஷயம். கிளாஸ்கோவுல ஒரு ஆய்வு நடந்துச்சு. எந்தத் தொந்தரவும் இல்லாத ஆளுங்களுக்கு இடுப்புல பெல்ட்டைக் கட்டிப் பாத்தாங்க. உணவுக்குழாயும் இரைப்பையும் சேர்ற இடம் மேல ஏறுது, அமிலமும் கொஞ்ச தூரம் ஏறுது. ஆனா அது சாதாரண இடுப்பு பெல்ட், ஜிம்முல நிமிசக்கணக்குல மாட்டுற

கல்தூண்
ஆனா-வுக்கு முன்னாடி இருக்கிறதை எல்லாரும் ரெண்டு தடவை படிங்க. செல்விம்மா வாயாலயே வந்துருச்சு. நன்றி.

ஸ்கோப்_செல்வி
பாதியிலயே பதிவு போயிருச்சு. மீதி: ஜிம்முல நிமிசக்கணக்குல மாட்டிக் கழட்டுற பெல்ட் இல்ல அது. சாப்பிட்ட பிறகும் கட்டியே இருந்தாங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல.

கல்தூண்
பெல்ட்டுன்னா பெல்ட்டுதாம்மா. தோல் ஒண்ணுதான், பக்கிள் ஒண்ணுதான், ஓட்டையும் ஒண்ணுதான். அதுவும் கிளாஸ்கோன்னு சொன்னீங்க பாருங்க! 2014-ல அதே கிளாஸ்கோ காமன்வெல்த்துல எங்க வேலூர் சத்துவாச்சாரிப் பையன் சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவுல ரெண்டு வகைத் தூக்குலயும் 149, 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினான். அது தூக்குறது. வளைஞ்சு முட்டி வரைக்கும் இழுத்துட்டு 'தூக்கிட்டேன்'னு போட்டோ போடுறது வேற.

நாதன்93
ஓ, இப்ப நாங்க பண்ற ஸ்குவாட், டெட்லிஃப்ட் எல்லாம் சேர்ந்த பவர்லிஃப்டிங்கே விளையாட்டு இல்லையா? சதீஷ் மேல எனக்கும் மரியாதை உண்டு. அவர் தூக்கினதுக்கு நீங்க ஏன் மீசை முறுக்குறீங்க? 2018 கோல்ட் கோஸ்ட்லயும் அவர்தான் தங்கம், அதையும் உங்க கணக்குல எழுதிக்கங்க.

கொங்குக்_குண்டு
நாதன் தம்பி, நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்றனுங்க. எனக்கு நிஸ்ஸன் பண்ணி நாலு வருசம் ஆச்சு. வயித்துல அஞ்சு சின்ன ஓட்டை, மூணாம் நாள் வீட்டுக்கு வந்துட்டேன். முதல் ரெண்டு வாரம் கஞ்சித்தண்ணி, ரசம், இளநீர். அப்புறம் குழைஞ்ச சோறு. இட்லி ஈசின்னு நெனச்சு அவசரத்துல முழுங்கினது நெஞ்சுக்குள்ள கல்லாட்டம் நின்னுக்கிச்சு, அரை மணி நேரம் கண்ணுல தண்ணி. ஆறு வாரத்துக்குத் தண்ணிக் குடத்தைக்கூடத் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. மூணு மாசம் கழிச்சு வெறும் ராடுல ஆரம்பிச்சேன். இன்னைக்கு டெட்லிஃப்ட் 180. எதுக்களிப்பு சுத்தமா இல்லைங்க. குப்புறப் படுத்துக்கூடத் தூங்கறேன்.

ஆனா ஒண்ணு, ஏப்பம் வராது. வாந்தியும் சுலபத்துல வராது. கல்யாண வீட்டுல சாப்பிட்டா வயிறு பறை மாதிரி உப்பிக்கும். காத்து பூரா கீழ் வழியாத்தான் போகும். வீட்டுல எனக்குன்னு தனி ரூம் ஒதுக்கிட்டாங்க. சோடா குடிச்சு நாலு வருசமாச்சுங்க.

கல்தூண்
180, பிடி நழுவாம மணிக்கட்டை ராடோட கட்டுற ஸ்ட்ராப் போட்டா, போடாமயா?

கொங்குக்_குண்டு
ஸ்ட்ராப் போட்டுத்தானுங்க.

கல்தூண்
அப்ப அது ஸ்ட்ராப் தூக்கினது. நாதன் கேட்டது ஆளு தூக்கின கணக்கு. அதுவும் 200-க்கு மேல.

கொங்குக்_குண்டு
ஏனுங், நெஞ்செரிச்சல் பத்திப் பேசற இடத்துல எங்கையைப் பத்தி எதுக்குப் பேசறீங்? எனக்கு ஆபரேஷன் நெஞ்சுக்கடியில பண்ணினாங்க, மணிக்கட்டுல இல்ல. பெருமைக்கு எருமை மேய்க்கிற ஆளுகளோட என்னால மல்லுக்கட்ட முடியாதுங்க.

சுக்குக்காப்பி
நண்பர்களே, நம் முன்னோர் எந்த நிஸ்ஸனிடம் போனார்கள்? இரவு ஏழு மணிக்குள் உணவு. பிறகு சுக்கு, மல்லி, ஒரு துளி பனங்கருப்பட்டி. புதினாக் கஷாயமும் நல்லது. நாற்பத்தெட்டு நாளில் குணம்.

ஸ்கோப்_செல்வி
ஏழு மணிக்குள்ள சாப்பிடச் சொன்னது சரி. கட்டிலோட தலைப்பக்கக் கால் ரெண்டுக்கும் அடியில செங்கல் வச்சு ஆறு அங்குலம் உயர்த்துறது, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்குறது இதெல்லாமும் சேத்துச் சொல்லியிருக்கலாம். ஆனா புதினா வேண்டாம்ங்க, அது உணவுக்குழாய் அடியில இருக்கிற வால்வை இன்னும் தளர்த்தும். நாதன், மேனோமெட்ரி?

சுக்குக்காப்பி
புதினாவையே குறை சொல்லும் காலம் வந்துவிட்டது.

மருந்துக்கடை_மணி
ஒரு கொசுறுத் தகவல். இந்த நிஸ்ஸன் சாதாரண ஆளு இல்ல. ருடால்ஃப் நிஸ்ஸன். 1936-ல வேற ஏதோ ஆபரேஷன்ல தையல் பிரியாம இருக்கட்டும்னு இரைப்பையைச் சுத்தி மூடி வச்சிருக்கார். பல வருசம் கழிச்சுப் பாத்தா அந்த ஆளுக்கு எதுக்களிப்பே இல்ல. அப்புறம்தான் 1956-ல இதையே வைத்தியமா எழுதினார். 1948-ல ஐன்ஸ்டீனுக்கு வயித்துல ரத்தக்குழாய் வீங்கினப்ப அதைச் செல்லோஃபேன் தாளால சுத்தி விட்டவரும் இவர்தான்.

சுக்குக்காப்பி
ஐன்ஸ்டீன் பிழைத்தாரா?

மருந்துக்கடை_மணி
1955 வரைக்கும் இருந்தாரு. கடைசியில அந்தக் குழாய் வெடிச்சுத்தான் போனாரு.

சுக்குக்காப்பி
இதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது!

மருந்துக்கடை_மணி
யோவ், ஏழு வருசம்யா! அன்னைக்கு அதுக்கு வேற வழியே கிடையாது.

நாதன்93
ஐன்ஸ்டீனை விடுங்க. எனக்குப் பயமே கட்டு தளர்ந்துடுமோன்னுதான். ஸ்வீடன்ல 2,655 பேரைத் தொடர்ந்து பாத்ததுல 17.7 சதவீதம் பேருக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் எதுக்களிப்பு திரும்பியிருக்கு. அவங்க யாரும் 230 கிலோ ராடை வச்சுத் தம் கட்டுற ஆளுங்களா இருக்க மாட்டாங்க. நாளைக்கு நான் தூக்கி, அந்த முடிச்சு மேல நழுவிட்டா? ரெண்டாவது ஆபரேஷன் முதல் தடவையை விடக் கஷ்டம்னு சர்ஜனே சொல்றார்.

ஸ்கோப்_செல்வி
நியாயமான பயம். ஓடுறவங்க, சைக்கிள் ஓட்டுறவங்க, எடை தூக்குறவங்க மூணு கூட்டத்தையும் வச்சுப் பாத்த ஆய்வுலயும் எடை தூக்குறவங்களுக்குத்தான் எதுக்களிப்பு அதிகமா வந்துச்சு. பெல்ட்டை விட முக்கியம் தம் கட்டுறதுதான்.

ஆபரேஷன் சரியான ஆளுக்குத்தான் வேலை செய்யும். அமெரிக்காவுல முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரிகள்ல மாத்திரை கேக்கலைன்னு வந்த 366 பேரை முழுசா சோதிச்சுப் பாத்தாங்க. அதுல 42 பேருக்கு மாத்திரையை ஒழுங்கா, நேரத்துக்குப் போட வச்சதும் சரியாப் போச்சு. 99 பேருக்கு எரியுது, ஆனா அமிலம் காரணமே இல்ல. கடைசியில ஆபரேஷனா மருந்தான்னு ஒப்பிட்டுப் பாக்கத் தகுதியானவங்க 78 பேர்தான். அந்த 78-ல ஆபரேஷன் ஆனவங்கள்ல 67 சதவீதம் பேருக்குப் பலன், மருந்து கூட்டிக் கொடுத்தவங்கள்ல 28 சதவீதம். மாத்திரை நல்லாக் கேக்குற ஆளுங்களை மட்டும் வச்சு ஐரோப்பாவுல பண்ணினதுல அஞ்சாம் வருச முடிவுல எதுக்களிப்பு அடங்கியே இருந்தவங்க மாத்திரையில 92 சதவீதம், ஆபரேஷன்ல 85 சதவீதம். அதனாலதான் மேனோமெட்ரி என்னாச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன்.

கல்தூண்
இவ்ளோ நம்பர் போட்டீங்களே செல்விம்மா, அந்த 366 பேரு எத்தனாவது ஓட்டையில மாட்டினான்னு ஒருத்தனாச்சும் கேட்டானா? கேட்டிருக்க மாட்டான். அங்கதான் விஷயமே இருக்கு.

மருந்துக்கடை_மணி
கத்தி வேண்டாம்னா இன்னொண்ணு இருக்கு நாதன். காந்த மணியைக் கோத்த வளையம், உணவுக்குழாயைச் சுத்தி மாட்டிருவாங்க. முழுங்கும்போது திறக்கும், அப்புறம் ஒட்டிக்கும். அமெரிக்காவுல 2012-ல அனுமதி குடுத்தாங்க.

கொங்குக்_குண்டு
அதுவும் ஆபரேஷன் பண்ணித்தானுங்க மாட்டோணும்.

கல்தூண்
காந்தமா? டெட்லிஃப்டுக்குக் குனிஞ்சா ராடு தானா மேல வந்து ஒட்டிக்கும். 200 என்ன, 300 தூக்கலாம்.

நாதன்93
அண்ணே, சிரிச்சுட்டீங்கல்ல? இப்ப நான் சொல்றேன். சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். எந்த பெல்ட்டால எனக்கு இந்த வியாதி வந்துச்சுன்னு சொல்றீங்களோ, அந்தப் பத்து செ.மீ. அகலம் 13 மி.மீ. தடிமன் தோல் பெல்ட்டை 2019-ல எனக்கு வித்தது யாரு? "இதைக் கட்டினா முதுகுக்கு இரும்புத்தூண் தம்பி"ன்னு சொன்னது யாரு? 4,500 ரூபாய் வாங்கினது யாரு?

கொங்குக்_குண்டு
அட!

மருந்துக்கடை_மணி
பொரி கொண்டு வரேன், யாருக்கும் அவல் வேணுமா?

கல்தூண்
வித்தேன். இல்லேன்னு சொல்லலியே. கடைக்காரன் கத்தி விப்பான், கழுத்தை அறுத்துக்கன்னா சொல்வான்? மூணாவது ஓட்டைன்னு சொல்லித்தான் குடுத்தேன். அப்புறம் 4,500 இல்ல, 3,800 தான் என் கைக்கு வந்துச்சு. 700 இன்னும் நிக்குது. ஆறு வருசமா கேக்கலைங்கிறது என் பெருந்தன்மை.

நாதன்93
பக்கிள் பின் வளைஞ்சு வந்துச்சு, அதை மாத்த 700 ஆச்சு, அதைக் கழிச்சுத்தான் குடுத்தேன். அன்னைக்கே ஒத்துக்கிட்டீங்க. 22 வருசம் பெல்ட்டே இல்லாம தூக்கினேங்கறீங்க, அப்ப அந்த பெல்ட் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?

கல்தூண்
22 வருசம் நெஞ்சு எரிஞ்சதில்லைன்னுதான் சொன்னேன், பெல்ட் போட்டதில்லைன்னு எங்க சொன்னேன்? மேல போய்ப் படி. நானும் போட்டேன். மூணாவது ஓட்டையில போட்டேன். அதான் வித்தியாசம்.

கொங்குக்_குண்டு
அப்ப 'கழட்டிப் போட்டா போதும்'னு சொன்னது? உங்க இடுப்பு சைஸ் வேற, நாதன் தம்பி இடுப்பு சைஸ் வேறைங்க. ஒரே ஓட்டை எப்படி ரெண்டு பேருக்கும் பொருந்தும்?

கல்தூண்
ஸ்ட்ராப் போட்டுத் தூக்குறவங்களுக்கு நான் பதில் சொல்றதில்ல. தம்பி நாதா, பயிற்சிக்கு முன்னாடி இன்னா சாப்பிடுவ? உண்மையைச் சொல்லு.

நாதன்93
நாலு பரோட்டா, சால்னா. ஆபீஸ் முடிஞ்சு நேரா ஜிம், அப்ப வேற எப்ப சாப்பிடறது? ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் தூக்குறேன்.

ஸ்கோப்_செல்வி
நாதன்!!

சுக்குக்காப்பி
பரோட்டாவுக்குப் பிறகாவது சுக்கு.

கல்தூண்
பரோட்டா ஒண்ணும் பண்ணாது. நானும் தின்னேன். எல்லாம் ஓட்டை.

நாதன்93
13-ஆம் தேதி சர்ஜனைப் பாக்கப் போறேன். ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, அதே பெல்ட்டை, அதே நாலாவது ஓட்டையில மாட்டி, 200 இழுத்து வீடியோ போடறேன். அன்னைக்குப் பேசிக்கலாம்.

ஸ்கோப்_செல்வி
அப்படி மட்டும் செஞ்சிடாதீங்க. போறப்ப மேனோமெட்ரி ரிப்போர்ட்டை எடுத்துட்டுப் போங்க. அதைப் பண்ணினீங்களா இல்லையான்னே இன்னும் சொல்லல.

கல்தூண்
வீடியோ எடுக்கிறப்ப பக்கிளைக் கிட்டத்துல காட்டு, ஓட்டையை நான் எண்ணணும். போறதுக்கு முன்னாடி அந்த 700-ஐ ஜிபே பண்ணிடு.