தாயாருக்கு அரசுப் பராமரிப்பு இல்லமா, வீட்டுப் பராமரிப்புச் சேவையா?

கேள்வி:
பக்கவாதத்துக்குப் பின் நடமாட்டம் குறைந்து, நினைவாற்றலும் தளர்ந்துவரும் என் தாயார் என்னுடன் வசிக்கிறார். நான் வேலைக்குச் செல்பவன். அரசு நடத்தும் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு விண்ணப்பிப்பதா, பணியாளர் வீட்டுக்கே வந்து கவனிக்கும் சேவையைக் கோருவதா என்று முடிவெடுக்க இயலவில்லை. எதை அடிப்படையாகக் கொள்வது?

மறுமொழி 1:
அவருக்கு எந்தெந்தச் செயலில் எவ்வளவு உதவி தேவை என்பதை முதலில் முறையாக மதிப்பிடச் செய்யுங்கள். 1965இல் வெளியான பார்தெல் அளவுகோல், உண்பது, குளிப்பது, உடுத்துவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது உள்ளிட்ட 10 செயல்களுக்கு மதிப்பெண் அளிக்கிறது. ஆனால் அது நினைவுத் தளர்ச்சியை அளப்பதில்லை. நன்றாக நடந்துகொண்டே அடுப்பை அணைக்க மறப்பவர்கூட அதில் உயர்ந்த மதிப்பெண் பெற்றுவிடலாம். எனவே நினைவுத்திறன் பரிசோதனையைத் தனியாகக் கேளுங்கள். ஜப்பானில் 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பராமரிப்புக் காப்பீட்டில், வீட்டுச் சேவையானாலும் இல்லமானாலும், இத்தகைய மதிப்பீட்டுக்குப் பிறகே கிடைக்கிறது.

மறுமொழி 2:
மதிப்பீடு அவசியமே, ஆயினும் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரவுதான். வீட்டுச் சேவைப் பணியாளர் குறித்த நேரத்தில் வந்து, குளிப்பாட்டி, உணவூட்டி, மருந்து கொடுத்துச் சென்றுவிடுவார். நள்ளிரவில் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதும், தாமாகப் புரண்டு படுக்க இயலாதவரைப் படுக்கைப் புண் வராதபடி சில மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பதும் குடும்பத்தாரின் பொறுப்பாகவே நின்றுவிடுகின்றன. பகல் முழுவதும் அலுவலகத்தில் இருப்பவரால் அதை எத்தனை மாதம் தாங்க இயலும்?

மறுமொழி 3:
இரவைக் காரணம் காட்டி உடனே இல்லத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை என்பது என் கருத்து. பகல்நேரப் பராமரிப்பு மையம், குடும்பத்தார் ஓய்வெடுப்பதற்கான குறுகியகாலத் தங்கல் ஆகியவை உங்கள் பகுதியில் உண்டா என்று விசாரியுங்கள். அதே வேளையில், பொது இல்லங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கக்கூடும் என்பதால், விண்ணப்பத்தை இப்போதே பதிவுசெய்துவிடலாம். இடம் கிடைக்கும்போது ஏற்பதா என்பதை அன்றைய உடல்நிலை பார்த்து முடிவு செய்யலாம். இல்லத்தை நேரில் பார்க்கச் சென்றால், வரவேற்பறையின் பளபளப்பை விட்டுவிட்டு, இரவுப் பணியில் எத்தனை பேர், விழுந்தவர்களைப் பற்றிய பதிவு உண்டா, எவரையேனும் கட்டிவைக்கிறார்களா என்று கேளுங்கள். தாயாரின் விருப்பத்தையும், அவரால் தெளிவாகச் சொல்ல முடிகிற இப்போதே கேட்டுவிடுங்கள்.