காயிலைக் குறை சொல்லுமுன் கம்பிகளைப் பார்க்கலாம்: கடலூரிலும் புதுச்சேரியிலும் பார்த்த இரண்டு வண்டிகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நண்பர் ஒருவர் வைத்திருக்கும் பிரீமியர் பத்மினி, காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பி, அரை மணி நேரம் ஓடியதும் சாலையோரத்தில் நின்றுவிடும். சற்று ஆறியபின் எதுவும் நடவாததுபோல மீண்டும் கிளம்பும். கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப் எல்லாம் கழற்றிப் பார்த்தாகிவிட்டது. புதுக் காயில் (பேட்டரியின் 12 வோல்டைப் பிளக்குக்கு வேண்டிய உயர் வோல்டாக மாற்றும் இக்னிஷன் காயில்) போட்ட பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியது என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னதே எனக்குத் துப்பாக அமைந்தது.

காயில் கைவைக்க முடியாதபடி சுட்டது. அது ஆறியதும், இரண்டு சிறு முனைகளின் கம்பிகளையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் அளந்தபோது 1.5 ஓம் காட்டியது. (மீட்டர் கம்பிகளுக்கே சிறிது மின்தடை உண்டு என்பதால், முதலில் அவற்றை ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து அந்த அளவைக் கழித்துக்கொள்ள வேண்டும்.) சாவியிலிருந்து வரும் 12 வோல்ட் ஒரு முனையில் நுழைந்து, மறுமுனை வழியாக பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சுவிட்சான பாயிண்டுக்குச் சென்று, வண்டியின் உடலில் எர்த் ஆகிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலுக்குள் காந்தப்புலம் உருவாகி, திறந்த கணத்தில் அது சரிவதால்தான் பிளக்குக்குத் தேவையான பல்லாயிரம் வோல்ட் கிடைக்கிறது; அந்தச் சரிவு சட்டென நிகழவும், பாயிண்ட் பொறி பறந்து தீயாமல் இருக்கவும் கண்டென்சர் துணைசெய்கிறது. 3 ஓம் காயிலில் ஏறத்தாழ 4 ஆம்பியர் ஓடும், 1.5 ஓம் காயிலை நேரடியாக இணைத்தால் 8 ஆம்பியர் வரை ஓடும். காயில் கொதிப்பதற்கும், பாயிண்ட் கருகியிருந்ததற்கும் அதுவே காரணம்.

1.5 ஓம் காயில் குறையுள்ள பொருளன்று. அது பாலஸ்ட் ரெசிஸ்டர் எனப்படும், மின்னோட்டத்தைக் குறைக்கும் தனி மின்தடையுடன் தொடராக இணைக்க வேண்டிய வகை. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்ட் இறங்கிவிடுவதால், அப்போது மட்டும் பாலஸ்டைத் தாண்டி முழு மின்சாரமும் காயிலுக்குச் செல்லத் தனிக் கம்பி வைத்திருப்பார்கள். அத்தகைய வண்டி செல்ஃபில் பற்றிக்கொண்டு, சாவியை விட்டதும் அணைந்தால் பாலஸ்ட் அறுந்திருக்கிறதா என்றே முதலில் பார்க்க வேண்டும். நண்பரின் வண்டியில் பாலஸ்டே கிடையாது. 3 ஓம் காயிலும் புதுப் பாயிண்டும் போட்டதும் தொல்லை தீர்ந்தது.

புதுச்சேரியில் கண்ட மோரிஸ் மைனரின் கதை வேறு. பேட்டரியின் பாசிட்டிவ் முனையை எர்த் செய்த அக்கால பிரிட்டிஷ் வண்டியான அதை, ரேடியோ பொருத்துவதற்காக நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருந்தார்கள். டைனமோவுக்கு மறுதுருவம் ஏற்றி, அம்மீட்டர் கம்பிகளையும் இடம் மாற்றிய கவனமான மெக்கானிக், காயிலை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். நின்ற இடத்தில் சீராக ஓடிய என்ஜின், கிழக்குக் கடற்கரைச் சாலையில் டாப் கியரில் முடுக்கினால் மிஸ் அடித்தது. பிளக்கின் நடுமுனை சூடாக இருப்பதால் எலக்ட்ரான்கள் அங்கிருந்து எளிதில் கிளம்பும்; காயில் கம்பிகளை இடம் மாற்றாததால் இங்கே பொறியின் துருவம் தலைகீழாகிவிட்டது; அப்போது அதே பொறிக்குக் கூடுதல் வோல்ட் தேவைப்படும், பாரம் ஏறும்போது காயில் தருவது போதாமல் போகும். காயிலின் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி, உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்த முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்ததும் மிஸ்ஸிங் நின்றது. எஸ்.டபிள்யூ. (சாவி சுவிட்ச் பக்கம்), சி.பி. (பாயிண்ட் பக்கம்) என்று காயிலில் உள்ள பழைய எழுத்துகளை நம்பி அடுத்தவர் யாரும் திருப்பி மாட்டிவிடாதிருக்க, காயிலின் மேலேயே பெயிண்டால் குறியிட்டு வைக்குமாறு உரிமையாளரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.