'பெம்பெக்கால் உத்தாமா': முதன்மை வழங்குநரா, முதற்கை வழங்குநரா?

கோலாலம்பூரிலிருந்து:

வணக்கம். மலேசியாவின் கிளாஸ் 2013 விதிமுறைகள் (அபாயகர இரசாயனங்களின் வகைப்பாடு, லேபிள், பாதுகாப்புத் தரவுத் தாள் பற்றியவை) இருக்கின்றனவே, அவற்றின் தமிழ் விளக்கத்தில் மலாய்ச் சொல்லான 'பெம்பெக்கால் உத்தாமா'வை, அதாவது பிரின்சிபல் சப்ளையரை, 'முதன்மை வழங்குநர்' என்று எழுதி வருகிறோம். அகராதிப்படி சரிதான். ஆனால் படிக்கிற கடைக்காரர், "அது பெரிய கம்பெனிக்காரன் சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். விதிமுறை கடையின் அளவைப் பார்ப்பதில்லை. அபாயகர இரசாயனத்தைத் தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், கலந்து உருவாக்குபவர், மறுசுழற்சி செய்பவர் எல்லாருமே இந்த வகை. வகைப்படுத்துவது, லேபிள், பாதுகாப்புத் தரவுத் தாள் எல்லாம் அவர்கள் தலையில்தான். உள்ளூரில் வாங்கி விநியோகிக்கும் பெரிய நிறுவனமோ துணை வழங்குநர் மட்டுமே.

வியாபாரத்தில் 'முதல் கை, இரண்டாம் கை' என்கிறோமே, அதையே எடுத்து 'முதற்கை வழங்குநர்', 'மறுகை வழங்குநர்' என்று வைத்தால் என்ன?

பட்டர்வொர்த்திலிருந்து:

ஐயா, இறக்குமதிக்கு அழகாகப் பொருந்துகிறது. மற்றதற்கு இடிக்கிறது. பிறையில் ஒரு சாயக்கடை டொலுவீனும் அசிட்டோனும் உள்ளூரிலேயே வாங்கி, கலந்து, தின்னர் என்று விற்கிறது. சரக்கு ஏற்கெனவே இரண்டு கை மாறிவிட்டது. ஆனாலும் சட்டப்படி அந்தக் கடை பெம்பெக்கால் உத்தாமாதான். அதே கடை 200 லிட்டர் பீப்பாயிலிருந்து டொலுவீனை அப்படியே 5 லிட்டர் டின்னில் ஊற்றி விற்றால் வெறும் துணை வழங்குநர். 'முதற்கை' இந்த வேறுபாட்டைக் காட்டுமா? 'முதல்' என்றதும் முதலீடு நினைவுக்கு வருவது இன்னொரு தொல்லை.

கோலாலம்பூரிலிருந்து:

காட்டும் அம்மா. கலந்தவுடன் அது வேறு பொருள். அதற்கு வேறு வகைப்பாடு. அந்தத் தின்னருக்கு முதல் கை சாயக்கடைதான். டின்னில் ஊற்றும்போது பொருள் மாறவில்லை, கலம்தான் மாறுகிறது. (அந்த டின்னுக்கும் லேபிள் வேண்டும். பீப்பாயில் ஒட்டியிருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.) 'மூல வழங்குநர்' என்றால் மூலப்பொருள் விற்பவர் என்று ஆகிவிடும். முதலீட்டுக் குழப்பம், 'கை' கூட வருவதால், பெரிதாக இராது.

சொல்லோடு ஒரு விளக்க வரியும் வேண்டும், ஏனென்றால் தவறு அதிகம் நடப்பது 1 டன் கணக்கில். ஆண்டுக்கு 1 டன்னோ அதற்குமேலோ என்றால் மார்ச் 31க்குள் டோஷுக்கு, அதாவது தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கு, இருப்புப் பட்டியல் அனுப்ப வேண்டும். அதற்குக் குறைந்தால் எதுவுமே வேண்டாம் என்று பலர் எண்ணுகிறார்கள். பட்டியல்தான் வேண்டாம், ஒரே ஒரு பீப்பாய் இறக்கினாலும் லேபிளும் தரவுத் தாளும் வேண்டும். 200 லிட்டர் டொலுவீன் ஏறக்குறைய 173 கிலோ. ஆறாவது பீப்பாயிலேயே டன் தாண்டிவிடுகிறது, அது ஒன்றும் பெரிய கம்பெனிக் கணக்கல்ல.

பட்டர்வொர்த்திலிருந்து:

சரி, ஏற்கிறேன். தரவுத் தாள் பகுதியில் இதையும் சேருங்கள்: வெளிநாட்டுத் தயாரிப்பாளர் அனுப்பிய தாளை அப்படியே நகலெடுத்துக் கொடுக்கும் தவறு. 16 பிரிவும் இருக்கும்; முதல் பிரிவில் ஷாங்காய் தொலைபேசி எண், 15ஆம் பிரிவில் வேறு நாட்டுச் சட்டம். இங்குள்ள முதற்கை வழங்குநரின் பெயர், முகவரி, எண் வர வேண்டும். தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். 5 ஆண்டுக்குள் மறுபார்வையும் உண்டு.

கையோடு இன்னொன்று. ஐரோப்பாவின் ரீச் என்ற இரசாயனப் பதிவு விதிமுறையில் வரும் 'டவுன்ஸ்ட்ரீம் யூசர்', அதாவது இரசாயனத்தைத் தம் தொழிலில் பயன்படுத்துபவர், நம் சொற்பட்டியலில் 'கீழ்நிலைப் பயனர்' என்று இருக்கிறது. காதுக்கே நன்றாக இல்லை, யாரோ தாழ்ந்தவர் போல. 'பின்கைப் பயனர்' என்றால் முதற்கையோடு ஒரே வரிசையில் நிற்கும்.

கோலாலம்பூரிலிருந்து:

அருமை, எடுத்துக்கொள்கிறேன். ரீச்சின் 'ஒன்லி ரெப்ரசென்டேட்டிவ்' மட்டும் மிச்சம். இங்கிருந்து ஏற்றுமதி செய்யும் தயாரிப்பாளருக்கு அங்கே பதிவுக் கடமை இல்லை. அது ஐரோப்பிய இறக்குமதியாளருக்குத்தான். தயாரிப்பாளர் அங்கே இப்படி ஒருவரை நியமித்தால், கடமை அவரிடம் போய் இறக்குமதியாளர் பின்கைப் பயனராகிவிடுகிறார். 'ஒரே பிரதிநிதி' என்றால் ஏகபோக விற்பனை முகவர் போல் ஒலிக்கிறது. 'பொறுப்பேற்புப் பிரதிநிதி' என்று எழுதியிருக்கிறேன். நீளம்தான், சுருக்கமாக ஏதேனும் தோன்றினால் சொல்லுங்கள்.