பிள்ளையைக் காணோம் என்றபோது ஓடி வந்தவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பொங்கோல் அம்மா

போன வாரம் இங்கே சிங்கப்பூரில் எங்க புளோக் வாட்ஸ்ஆப் குழுவில் அந்த வெள்ளை வேன் செய்தி மறுபடியும் வந்தது. "பள்ளி வாசலில் இனிப்பு கொடுத்துப் பிள்ளைகளைத் தூக்குறாங்க, தெரிஞ்சவங்க எல்லாருக்கும் அனுப்புங்க." எந்தப் பள்ளி, எந்த நாள், யார் பார்த்தது, ஒன்றும் கிடையாது. என் மாமியார் அதைப் படித்துவிட்டு ஒரு வாரமாகப் பேத்தியை வாய்ட் டெக் (புளோக்கின் திறந்த கீழ்த்தளம்) பக்கமே விடவில்லை. நான் கொஞ்சம் காட்டமாகப் பதில் போட்டதில் ரெண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார்கள், அது தனிக்கதை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். நிஜமாகவே ஒரு பிள்ளை காணாமல் போனபோது, அல்லது யாரோ கூட்டிக்கொண்டு போனபோது, சுற்றியிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? எது உதவியது, எது கெடுத்தது? காதில் விழுந்தது வேண்டாம். நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொல்லுங்கள்.

ஓவன் ரோடு பழைய ஆள்

1986 மே மாதம் நான் ஃபேரர் பார்க் வட்டாரத்தில் குடியிருந்தேன். ஓவன் தொடக்கப்பள்ளியில் படித்த இரண்டு பையன்கள், இருவருக்கும் 12 வயது, மே 14 அன்று காணாமல் போனார்கள். மெக்டொனால்ட்ஸ் 100,000 வெள்ளி சன்மானம் அறிவித்தது. அந்தக் காலத்தில் அது ஒரு வீட்டின் விலை. அவர்கள் படம் போட்ட சுவரொட்டியைத் தீவு முழுக்கப் பார்த்தோம். இன்றுவரை துப்பு துலங்கவில்லை.

எங்கள் வட்டாரத்தில் அப்போது நடந்ததைச் சொல்கிறேன். மறுநாளே மளிகைக் கடை, முடிதிருத்தும் கடை, கோப்பிக்கடை எல்லா இடத்திலும் இதே பேச்சு. பேசப் பேச ஒருவர் பார்த்ததை இன்னொருவர் தான் பார்த்ததாகவே நம்ப ஆரம்பித்துவிட்டார். புதன்கிழமை மத்தியானம் பார்த்தேன் என்றவர் ஒரு வாரம் கழித்து, செவ்வாயாகவும் இருக்கலாம் என்றார். பொய் சொல்லவில்லை, பாவம். ஊர் பேச்சில் ஞாபகம் கரைந்துவிட்டது.

இப்போது அப்படியில்லை. 2012 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளிலும் பலமாடி கார் நிறுத்துமிடங்களிலும் போலீஸ் காமிரா வைக்க ஆரம்பித்து, 2016க்குள் சுமார் 10,000 இடங்களை முடித்துவிட்டார்கள். ஆனாலும் எந்தக் காமிராவில், எத்தனை மணிக்கு என்று தேட ஒரு மனிதன்தான் முதலில் சொல்ல வேண்டும். அதனால் என் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: எதையாவது பார்த்தால் யாரிடமும் பேசுவதற்கு முன் தாளில் மணியோடு எழுது, பிறகு போலீஸிடம் சொல்.

துவாஸ் ராம்நாட்டுக்காரன்

நான் இங்க கப்பல் பட்டறையில வேலை பார்க்குறேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தேக்கா, அதான் லிட்டில் இந்தியா, எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும், தலை தலையா ஆம்பளைக் கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள்ள நாலு வயசு இருக்கும், ஒரு பொண்ணு தனியா நின்னு அழுதுக்கிட்டு இருந்துச்சு. சுத்தி நிக்கிறவங்க எல்லாரும் பார்க்குறாங்க, ஒருத்தரும் கிட்டப் போகல. எனக்கும் பயம்தான். வெளிநாட்டுத் தொழிலாளி ஒருத்தன் சின்னப்பொண்ணு கையைப் புடிச்சுக்கிட்டு நின்னா, பார்க்குறவன் என்ன நினைப்பான்? போட்டோ எடுத்துப் போட்டுட்டான்னா என் வேலை, பெர்மிட் எல்லாம் என்ன ஆகும்?

தொடவே இல்லை. கொஞ்சம் தள்ளித் தரையில உக்காந்துட்டு, கூட வந்த பயலை அனுப்பிப் பூக்கடை அக்காவைக் கூட்டியாரச் சொன்னேன். அந்த அக்கா கெட்டிக்காரி. அப்பா பேரு என்ன, வீட்டு நம்பர் என்னன்னு கேக்கவே இல்லை. அழுற பிள்ளைக்கு அதெல்லாம் வருமா? "என்னடா கண்ணு சாப்பிட்டே?"ன்னு கேட்டுச்சு. தோசைன்னுச்சு பொண்ணு. "கடையில என்ன பார்த்தே?" பெரிய தொட்டியில மீன். அம்புட்டுத்தான், எந்தக் கடைன்னு அக்காவுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரு ஆளை ஓடவிட்டா, அங்க அம்மா அப்பா ரெண்டு பேரும் தலையில அடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அவரு அம்மாகிட்ட இருக்குன்னு நினைச்சிருக்காரு, அந்த அம்மா அவருகிட்ட இருக்குன்னு.

நடுவுல ஒண்ணு நடந்துச்சு. ஒரு ஆளு வந்து, "எனக்குத் தெரிஞ்ச பிள்ளைதான், நான் கொண்டுபோய் விடுறேன்"ன்னாரு. அக்கா உடனே, "அப்பிடியா, பிள்ளை பேரு சொல்லுங்க"ன்னுச்சு. அவரு ஏதோ முணங்கிட்டுப் போயிட்டாரு. நல்ல மனுசனாவும் இருந்திருக்கலாம், குடிச்சிருந்தாரோ என்னமோ. யாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

பொங்கோல் அக்கா சொன்ன அந்த வேன் செய்தி எங்க ஊர்ப்பக்கம் உசுரையே எடுத்திருக்கு. 2018 மே மாசம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர். குலதெய்வம் கோயிலைத் தேடிக் காருல போன குடும்பம், மலேசியாவுல இருந்து வந்த சொந்தக்காரங்களும் கூட. 65 வயசு அம்மா ஒருத்தங்க வழியில பிள்ளைகளுக்குச் சாக்லேட் குடுத்திருக்காங்க. பிள்ளை புடிக்கிற கும்பல்னு அடிச்சாங்க, அந்த அம்மா செத்தே போச்சு. அந்தச் சமயத்துல இந்தியா பூரா இப்பிடி நடந்துதான், ஜூலை மாசம் அங்க வாட்ஸ்ஆப்புல வந்த செய்தியை ஒரே தடவையில அஞ்சு பேருக்கோ குழுவுக்கோ மேல அனுப்ப முடியாதுன்னு ஆக்குனாங்க. நானும் லீவுல போறப்ப முஸ்தஃபாவுல சாக்லேட் டப்பா வாங்கிட்டுத்தான் போவேன். இப்ப தெரியாத பிள்ளைக்கு ஒண்ணு நீட்டக்கூட யோசனையா இருக்கு.

செங்காங் சித்தி

இங்கே யாரும் சொல்லாத வகை ஒன்று இருக்கிறது. வேன் வராது, அந்நியன் வரமாட்டான். பெற்ற அப்பாவே கூட்டிக்கொண்டு போவார்.

என் அக்காவுக்கு விவாகரத்தாகி, மகனை வளர்க்கும் பொறுப்பு அவளிடம். அப்படி நீதிமன்ற ஆணை இருந்தால், மற்றவரின் எழுத்துபூர்வ சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வளர்ப்பவர் மட்டும் ஒரு மாதத்துக்கு உட்பட்டுக் கூட்டிப்போகலாம். டிசம்பர் விடுமுறையில் திருச்சியில் பாட்டிக்குச் சதாபிஷேகம் என்று அத்தான் கேட்டார். அக்கா கடிதம் எழுதிக் கொடுத்தாள். எந்தத் தேதியில் திரும்ப வேண்டும் என்பதையும் அதில் எழுதியிருந்தாள். அந்த ஒரு வரி பின்னால் எங்களுக்குப் பெரிய துணையாக நின்றது.

ஜனவரியில் பள்ளி திறந்தது, பையன் வரவில்லை. போன் அணைந்திருந்தது. ஸ்ரீரங்கத்து வீட்டைக் காலி செய்துவிட்டார்கள் என்று அங்கே போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

போலீஸில் புகார் கொடுத்தோம். (24 மணி நேரம் கழித்துத்தான் புகார் எடுப்பார்கள் என்பது சினிமாவில் வருவது. பிள்ளை காணோம் என்றால் உடனே போகலாம்.) பிறகு வழக்கறிஞரிடம் போனபோதுதான் விஷயம் புரிந்தது. பிள்ளைக் கடத்தல் தொடர்பான ஹேக் உடன்படிக்கையில் சிங்கப்பூர் 2010 டிசம்பரில் சேர்ந்தது, 2011 மார்ச் முதல் இங்கே நடப்பில் இருக்கிறது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோன பிள்ளையைத் திரும்பப் பெறுவதற்கான ஒப்பந்தம் அது. அதில் உள்ள நாடென்றால் இங்குள்ள சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு வழியாகவே விண்ணப்பிக்கலாம். இந்தியா அதில் சேரவில்லை. மலேசியாவும் சேரவில்லை. நம்மவர்கள் அதிகம் போய்வருகிற இரண்டு நாடும் வெளியே நிற்கின்றன, பாருங்கள்.

மிச்சம் இருந்த வழி, மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது பிள்ளையை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்பது. அதற்குப் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று ஓரளவாவது தெரிந்தால்தான் வேலை நகரும் என்றார் அங்குள்ள வக்கீல். முகவரி இல்லாமல் யாருக்கு நோட்டீஸ் போவது?

இந்த இடத்தில்தான் ஆட்கள் வந்தார்கள். அக்காவின் கல்லூரித் தோழிகள் குழுவில் கேட்டோம். படத்தை எங்கும் பரப்பவில்லை. பரப்பினால் அத்தான் இன்னொரு ஊருக்குப் போய்விடுவார் என்ற பயம். திருச்சியில் பள்ளி, டியூஷன், பாட்டு வகுப்பு என்று பிள்ளைகளோடு புழங்குகிறவர்களிடம் மட்டும் வாய்வார்த்தையாகக் கேட்கச் சொன்னோம். பல வாரம் ஒன்றுமில்லை. பிறகு தில்லைநகரில் கீபோர்டு சொல்லிக்கொடுக்கும் ஒரு டீச்சர், தோழியின் தோழி, பேசினார். "புதுசா ஒரு பையன் வந்திருக்கான். எது சொன்னாலும் 'கேன் கேன்'னு சொல்றான், மத்த பசங்க சிரிக்கிறாங்க." அது சிங்கப்பூர் ஆங்கிலத்தில் 'சரி, முடியும்' என்பது. எங்களுக்குப் போதும். அக்கா அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

முகவரி கிடைத்ததும் குடும்பத்தில் வேறு தலைவலி. பெரியப்பா மகன்கள் இரண்டு பேர், "நாங்க போய்த் தூக்கிட்டு வந்துடறோம்" என்று டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பாசம்தான், சந்தேகமில்லை. வக்கீல் கோபமாகவே சொன்னார்: அப்படிச் செய்தால் கடத்தியது நீங்கள் என்று ஆகிவிடும், வழக்கும் போகும், பையனும் மிரண்டுபோவான்.

சிங்கப்பூர் ஆணையைக் காட்டினாலே அங்கே பிள்ளையைக் கொடுத்துவிட மாட்டார்கள். வெளிநாட்டு ஆணை கவனிக்க வேண்டியவற்றில் ஒன்று, பிள்ளையின் நலன்தான் முதன்மை என்று 2017இல் இந்திய உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதனால் பையனின் வாழ்க்கை இங்கேதான் வேரூன்றியிருக்கிறது என்று காட்ட வேண்டியிருந்தது. அடுத்த வீட்டு மலாய்க்கார அக்கா, அவனைத் தன் பிள்ளைகளோடு சேர்த்துப் பள்ளிக்குக் கூட்டிப்போனதைச் சத்தியவாக்குமூலமாக எழுதிக் கொடுத்தார். காற்பந்துப் பயிற்சியாளர் கொடுத்தார். சின்ன வயதிலிருந்து பார்த்த டாக்டர் பதிவுகளைக் கொடுத்தார். ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. இரண்டு பக்கமும் பேசி, நீதிமன்றம் பதிவு செய்த உடன்பாட்டில் பையன் வந்து சேர்ந்தான். அத்தான் இப்போது இங்கே வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

ஜொகூர் கார்டு

நான் மலேசியா, ஜொகூர்க்காரன். தினமும் கடற்பாலம் தாண்டி வந்து இங்கே செக்யூரிட்டி வேலை. ஒரு கடைத்தொகுதியில் இருந்தபோது பிள்ளையைக் காணோம் என்று தகவல் வந்தால் எங்கள் சூப்பர்வைசர் முதலில் கேட்பது, "காலில் என்ன போட்டிருந்தது?" சட்டையை மாற்றலாம், தொப்பி வைக்கலாம். காலணியை மாற்ற யாருக்கும் சட்டென்று தோன்றாது. சும்மா பேச்சில்லை, வாசலில் நின்று குனிந்து குனிந்து காலைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கம் 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு நூர் அலெர்ட் என்று காணாமல் போன பிள்ளைக்கான அவசர அறிவிப்பு இருக்கிறது, 2011இல் வந்தது. 2007இல் கொல்லப்பட்ட எட்டு வயதுப் பிள்ளைக்குப் பிறகு எழுந்த கோரிக்கை அது. 2024 ஜூன் 30, இஸ்கந்தர் புத்ரியில் ஒரு கடைத்தொகுதியில் ஆறு வயதுப் பிள்ளை காணாமல் போனபோது அலெர்ட் விட்டார்கள். எங்கள் தாமான் (குடியிருப்பு) குழு முழுக்க அந்தப் படம்தான். ஜூலை 2 விடியற்காலையில் சிலாங்கூர் பத்தாங் காலியில் ஒரு ஹோட்டலில் போலீஸ் மீட்டது. அன்று சந்தோஷம். ஆனால் ஒரு மாதம் கழித்தும் "காணவில்லை" என்று அதே படத்தை அனுப்பிக்கொண்டிருந்தார்கள், லா! வந்து சேர்ந்த பிள்ளையை எத்தனை நாள் தேடுவது?

செங்காங் சகோதரி சொன்னதைப் படிக்கும்போது ஈப்போ இந்திரா காந்தி அம்மா ஞாபகம். பாலர் பள்ளி ஆசிரியை. 2009இல் 11 மாதக் குழந்தையைத் தகப்பன் கொண்டுபோனார். 2018இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தாய் பக்கம் தீர்ப்பு வந்தும் வருஷக்கணக்கில் பிள்ளை கைக்கு வரவில்லை. ஆதரவுக் குழு வைத்து நம்மவர்கள் கூடவே நின்றார்கள். ஆனால் கையில் இருந்ததோ கைக்குழந்தைப் படம். வளர்ந்த பெண் எதிரே நடந்து போனாலும் யாருக்குத் தெரியும்?

டாக்சி மாமா

சுருக்கமா சொல்றேன், ஷிஃப்ட் இருக்கு. 2004 அக்டோபர், பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் சீனாக்காரப் பிள்ளை காணாம போனப்போ நிறைய டாக்சிக்காரங்க நோட்டீஸ் வெச்சிருந்தோம். ஏறுற ஆளுக்கெல்லாம் ஒண்ணு. தொண்டூழியர்கள் வந்து கட்டுக் கட்டா குடுத்தாங்க. மூணு வாரம் கழிச்சு தெலுக் பிளாங்கா மலைப் பூங்காவில் உடல் கிடைச்சது. காணாம போன அன்னிக்கே முடிஞ்சிருந்ததுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. வீண் வேலைன்னு சிலர் சொன்னாங்க. எனக்கு அப்படித் தோணல. ஊர் தெரியாத நாட்டுல அந்தத் தாய் தனியா நிக்கல.

பொங்கோல் அம்மா

எல்லாருக்கும் நன்றி. பூக்கடை அக்கா கேட்ட கேள்வியை என் மாமியாரிடம் படித்துக் காட்டினேன், இப்போது பேத்தியிடம் தினமும் "இன்னைக்கு வழியில என்ன பார்த்தே" என்று கேட்கிறார்! செங்காங் சித்தி, ஒரு சந்தேகம். அந்த டீச்சர் பேசியதும் போலீஸுக்கு முன்னால் வக்கீலிடம் சொன்னீர்களா? பையன் வந்த பிறகு ஒரு படம்கூட எங்கும் போடவில்லையே, ஏன்?

செங்காங் சித்தி

வக்கீலிடம்தான் முதலில். அவர்தான் மனுவில் முகவரியைச் சேர்த்து, உள்ளூர் போலீஸுக்கும் முறைப்படி போக வைத்தார். நாமாகப் போன் போட்டிருந்தால் செய்தி கசிந்திருக்கும்.

படம் போடாததற்கு அவனேதான் காரணம். இப்போது உயர்நிலைப்பள்ளி. வகுப்பில் யாராவது அவன் பெயரைத் தட்டிப் பார்த்தால் காற்பந்துப் போட்டி மட்டும் வரவேண்டுமாம்.