தண்ணீர் குடித்தால் உபவாசம் இல்லையா?

கோவிலூர்க்காரன்:
நேற்று தர்மபுரியில் ஓர் உபவாசக் கூட்டம். மேடையில் நின்றவர் சொல்கிறார்: "தண்ணீர் குடித்துக்கொண்டு உபவாசம் இருப்பவன் வயிற்றை ஏமாற்றுகிறான். உடம்பு நொந்தால்தான் ஆவி வளரும்." எதிரே பங்குனி வெயிலில் சர்க்கரை நோய்க்கு மாத்திரை விழுங்குகிற பாட்டிகள்! அவர் மேசையில் மட்டும் பாட்டில் இருந்தது. பேசுகிறவருக்குத் தொண்டை வறளுமாம். லூக்கா 4:2இன்படி இயேசு வனாந்தரத்தில் இருந்த 40 நாளும் ஒன்றும் புசியவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை என்று எங்கே இருக்கிறது?

முழங்கால் சேவகன்:
யாத்திராகமம் 34:28. மோசே 40 நாள் அப்பமும் புசிக்கவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. இயேசு மோசேயைவிடக் குறைந்தவரா? எஸ்தர் மூன்று நாள் தண்ணீரைத் தொடவில்லை. வருந்தாத சரீரத்தில் கனி இருக்காது, சகோதரரே. வெள்ளிக்கிழமை கறியை விட்டுவிட்டு வஞ்சிரம் வறுக்கும் கத்தோலிக்கர்களுக்கு இது விளங்காது.

கோவிலூர்க்காரன்:
என் வீட்டு வாணலி வரைக்கும் வந்துவிட்டீர்கள், லூக்காவுக்கு மட்டும் வரவில்லை. 40 நாள் கழித்து அவருக்குப் பசி உண்டாயிற்று என்கிறார் மத்தேயு, தாகத்தைச் சொல்லவில்லை. சிலுவையில் தாகம் எடுத்தபோது யோவான் மறக்காமல் எழுதினார். மோசேக்கு எழுதியது இயேசுவுக்கு ஏன் விட்டுப்போயிற்று?

மத்தூர் டீச்சர்:
தம்பிகளே, தண்ணீரைக் கொஞ்சம் விடுங்கள். சேவகர் சொல்கிற கனி எபிரெயர் 12இல் சிட்சையால், அதாவது கர்த்தர் கண்டித்துத் திருத்துவதால் வருவது. அந்தச் சிட்சை நாமாக உடம்பை வருத்திக்கொள்வதா, கேட்காமல் நம்மேல் வந்து விழுகிற துன்பமா? அந்த நிருபத்தைப் பெற்றவர்கள் விசுவாசத்துக்காக ஆஸ்தியைக் கொள்ளை கொடுத்தவர்கள். படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரைப் பார்த்துக்கொண்ட காலத்தில் நான் உபவாசம் இருந்ததே இல்லை. இன்று என்னிடம் கொஞ்சம் பொறுமை இருக்கிறது என்றால் அந்த அறையில் வந்ததுதான்.

முழங்கால் சேவகன்:
நல்ல சாட்சி, அக்கா. ஆனால் தண்ணீர்?

கோவிலூர்க்காரன்:
எங்கள் திருச்சபைச் சட்டத்தில் நோன்பு நாள் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும்தான். 60 வயதானவர்களை அதுவும் கட்டாது. பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில்கூடத் தண்ணீருக்கும் மருந்துக்கும் தடை இல்லை. நேற்று போட்ட கொட்டகையில் நின்றுகொண்டு எங்களுக்கு நோன்பு கற்றுத்தர வேண்டாம்.

முழங்கால் சேவகன்:
1953க்கு முன்னால்? நள்ளிரவு முதல் ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது என்று வைத்திருந்தது எந்தக் கொட்டகை? போப் பன்னிரண்டாம் பயஸ் தளர்த்தும்வரை உங்கள் தாத்தாக்கள் அறியாமையிலா கிடந்தார்கள்?

கோவிலூர்க்காரன்:
அது நள்ளிரவிலிருந்து பூசை வரைக்கும். 40 நாளா? போன கிறிஸ்துமஸிலும் இதே வேலைதான். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகள் எத்தனை பேர் என்று மத்தேயு சொல்லவில்லை என்றேன். காணிக்கை மூன்று, ஆகவே ஆளும் மூன்று என்று கணக்குப் போட்டுவிட்டு ஒரு வாரம் காணாமல் போனீர்கள்.

முழங்கால் சேவகன்:
காணாமல் போகவில்லை, ஊழியத்துக்குப் போயிருந்தேன். வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்பவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பென்னாகரம் பையன்:
எங்கள் பக்கம் தண்ணீர் குடிப்பதுதான் தவம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வரும்வரை ஃபுளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்துப் பல்லெல்லாம் காவி. எங்கள் ஆவி எத்தனை அடி வளர்ந்தது என்று யாராவது அளந்து சொல்லுங்கள்.

கோவிலூர்க்காரன்:
அந்தக் காவியும் கர்த்தருடைய சிட்சைதான் என்று அடுத்த கூட்டத்தில் சொல்வார் சேவகருடைய ஆள்.

முழங்கால் சேவகன்:
அவர் என் ஆள் இல்லை. நான் அந்தக் கூட்டத்துக்கே போகவில்லை.

கோவிலூர்க்காரன்:
போகாமலேயே இத்தனை வக்காலத்தா! போயிருந்தால் அந்தப் பாட்டிலையாவது பார்த்திருப்பீர்கள்.

மத்தூர் டீச்சர்:
ஏசாயா 58ஐ இருவரும் தொடவே இல்லை. பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு, அதுவே எனக்கு உகந்த உபவாசம் என்று தேவனே சொல்கிறார். அதில் உடம்பை வருத்துவது எங்கே வருகிறது?

கோவிலூர்க்காரன்:
ஏசாயாவுக்குப் பிறகு வருவோம், டீச்சர். சேவகரே, லூக்கா 4:2.

முழங்கால் சேவகன்:
குடித்தார் என்று எங்கே எழுதியிருக்கிறது? காட்டுங்கள்.

கோவிலூர்க்காரன்:
குடிக்கவில்லை என்று சட்டம் போடுகிறவர்தான் காட்ட வேண்டும். மோசேயை இழுக்காமல்.